பைபாஸை நகர்த்திய பிடிமண்

கருத்தையாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல சம்சாரி என்பார்கள். உண்மைதான். உளுந்தும் கம்பும் விதைத்து, மழைக்காக மானத்தைப் பார்த்துப் பார்த்தே காலத்தை ஓட்டியவர். ஆனால் நிலம் என்று வந்துவிட்டால் லேசுப்பட்ட ஆள் இல்லை.

கோவில்பட்டிக்குத் தெற்கே உள்ள ஒரு சின்ன டவுனுக்குள் லாரிகள் முட்டி நிற்கின்றன என்று பைபாஸ் போடத் திட்டமிட்டார்கள். அளக்க வந்தவர்கள் கருத்தையாவின் புஞ்சைக்கு நட்டநடுவில் கல்லை ஊன்றிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரமே புதூர்ப் பக்கமுள்ள குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்துப் போய், பிடிமண் எடுத்துவந்தார். கல்லுக்குப் பக்கத்தில் அந்த மண்ணைப் போட்டுப் பீடம் கட்டினார், கிடாவும் வெட்டினார். பிடிமண் விழுந்த இடத்தில் சாமி குடியேறிவிடும். அப்புறம் ஊரே திரண்டாலும் அசைக்க முடியாது. பாதி பக்தி, பாதி பைபாஸுக்குப் போட்ட முட்டுக்கட்டை.

"எந்தக் காலத்துக் கோயில் இது?" என்று பாதையைப் பார்க்க வந்த இன்ஜினியர் கேட்டார்.

"எங்க பாட்டன் காலத்துல இருந்து கும்பிடுதோம், சார்."

சாமியைச் சொன்னார், பீடத்தைச் சொல்லவில்லை. எப்படி இருக்கிறது சாமர்த்தியம்! ஊரோடு எதற்கு வம்பு என்று இன்ஜினியர் பாதையை ஓடைக்கு வடக்கே தள்ளினார். "அதுக்கும் வடக்கே கண்மாய். ஓடைக்கு வடக்கேயும் தடை வந்தா பழையபடி உங்க புஞ்சைக்குத்தான் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓடைக்கு வடக்கே இருப்பது தங்கச்சி பெத்தம்மாளின் நிலம். புருஷன் போன பிறகு அவளுக்குக் கஞ்சி ஊற்றுவதே அந்தத் துண்டு நிலம்தான். பாவி மனுஷன் கருத்தையாவுக்கு அது அப்போது நினைப்பிலேயே இல்லை. அவள் நிலத்தில் கல் விழுந்த பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் ஆடுகளைப் பத்திக்கொண்டு அவளே வந்துவிட்டாள். முகத்தில் கோபமே இல்லை.

"அண்ணே, ஒன் நெலத்த நம்ம சாமி காப்பாத்திட்டாரு. எனக்கும் ஒரு பிடிமண் எடுத்துட்டு வருவோமா? பொறந்த வீட்டுச் சாமி எனக்கும் சாமிதான."

கருத்தையாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"களையெடுப்பு கெடக்குட்டி. அடுத்த மாசம் வேன் பிடிச்சுப் போவோம்" என்றார்.

வருகிற வெள்ளிக்கிழமை பாதை முடிவாகிவிடும். அது அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

"சரிண்ணே. நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று சொல்லிவிட்டு அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.