எட்டுத் தேசிக்காய்க் கார்

என் தம்பி இளையதம்பியை எங்கள் ஊரான சுருவிலில் ‘ஒட்டு மெக்கானிக்’ என்று பகிடி பண்ணினவர்கள் உண்டு. ஒட்டு என்றால் ஒட்டுத்தான், அதிலே எனக்கென்ன வெட்கம்? ஒட்டுமாங்கன்று காய்க்கவில்லையா?

ஐம்பத்தெட்டுக் கலவரத்தோடு கொழும்புக் கராச் வேலையை விட்டுக் கப்பலில் வந்தவன், எங்கள் வளவுப் புளியமரத்தின் கீழ் கார் திருத்தத் தொடங்கினான். ஜேர்மன் கார் என்றால் அவனுக்கு உயிர். கதவைச் சாத்திப் பார்த்து, “அக்கா, சத்தத்தைக் கேள், இது தகரமில்லை” என்பான். எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன பிறகுதான் அவனுடைய கெட்டித்தனம் ஊருக்குத் தெரிந்தது. செத்த காரின் சாமானை அராவி, வெட்டி, ஒட்டி இன்னொன்றுக்கு உயிர் கொடுப்பான்.

எங்கள் ஊர்ச் சரவணமுத்தரிடம் கியர்ப்பெட்டி உடைந்த பழைய ஜேர்மன் ஒப்பல் கார் ஒன்று, கோழி அடைகாக்கிற இடமாய்க் கிடந்தது. மகள் லலிதாம்பிகைக்குக் கலியாணம் சரிவந்ததும் மனிசன் வந்து நின்றார்.

“இளையதம்பி, தாலிகட்டு முடிய என்ரை பிள்ளை இந்தக் காரிலைதான் கால்மாறி மாப்பிள்ளை வீட்டை போகவேணும். செத்துப்போன தாயும் இதிலைதான் வந்து இறங்கினவ. ஏலாதெண்டால் இப்பவே சொல்லும், இரும்புக்காரனுக்குக் குடுத்திடுறன்.”

“ஏலும் அண்ணை.”

ஒஸ்ரின் காரின் றேடியேற்றர், மொறிஸ் காரின் விளக்கு, வொக்ஸோல் காரின் கியர்ப்பெட்டி. எல்லாம் ஒப்பலுக்குள் ஒரே குடும்பமாய் இருந்தன. ஒரு வித்தியாசம்: புதுப் பெட்டியால் ஸ்ரியரிங்கோடு இருந்த கியர்த்தடி தலைகீழாகிவிட்டது. முன்பு கீழே இழுத்தால் முன்னுக்குப் போன கார், இப்போது மேலே தள்ளினால்தான் முன்னுக்குப் போகும். தம்பி அதைத் தெளிவாய்ச் சொன்னவன். அவரும் “ஓம், ஓம்” என்றவர். நான் பக்கத்தில் நின்று கேட்டனான்.

கார் எடுக்க வந்த காலை, கற்பூரம் கொளுத்தி, நாலு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தோம். சரவணமுத்தர் ஏறினார். கை பழைய பழக்கத்தில் கீழே இழுத்தது. கார் விசுக்கென்று பின்னுக்குப் போய் எங்கள் வேலியில் முட்டி நின்றது. தேசிக்காய் நாலும் நசியாமல் அப்படியே கிடந்தன!

“சகுனம் பிழைச்சுப் போச்சு! பின்னுக்குப் போற கார் என்ரை பிள்ளைக்கு வேண்டாம். இரும்புக்காரனே கொண்டு போகட்டும்” என்று இறங்கிவிட்டார்.

தம்பி துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான். எனக்குப் பொறுக்கவில்லை. தேசிமரத்தில் இன்னும் நாலு பிடுங்கிவந்து சில்லுகளுக்குப் பின்னால் வைத்தேன். முன்னால் கிடந்தவற்றையும் கிட்ட நகர்த்தினேன்.

“என்ன செய்யிறீர், சிவக்கொழுந்து?” என்றார் சரவணமுத்தர்.

“முன்னுக்குப் போனாலும் நசியும், பின்னுக்குப் போனாலும் நசியும். இனிச் சகுனம் எதாலை பிழைக்கும்? ஏறும் அண்ணை!”

முகத்தை இறுக்கித்தான் வைத்திருந்தார். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது, ஏறினார்.

“மேலை, அண்ணை, மேலை!” என்றான் தம்பி.

மேலே தள்ளினார். முன்னால் இருந்த நாலும் சப்பளிந்தன. பின்னால் இருந்த நாலையும் நான் ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டேன்.

லலிதாம்பிகை அந்தக் காரில்தான் புங்குடுதீவுக்குக் கால்மாறினாள். ஓட்டினது என் தம்பி. வழியில் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

இப்போதும் அவன் பொருத்தின கார் எது புறப்பட்டாலும் எட்டுத் தேசிக்காய்தான் வைக்கிறார்கள். ஒட்டு மெக்கானிக் என்றவர்கள் ‘எட்டுத் தேசிக்காய்க்காரன்’ என்கிறார்கள். சொல்லட்டும். தேசிக்காய் எங்கள் மரத்தது.