திட்டோடு சேர்த்துச் சந்தா

காசு கொடுத்துத் திட்டு வாங்குகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். சந்தா கட்டி, கடவுச்சொல் போட்டு உள்ளே வந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு என்னிடம் திட்டு வாங்குகிறார்கள். அவர்களுக்கு வாய் நிறைய நன்றி சொல்ல வேண்டும் என்று ஆசை. அதிக நேரம் பேச இப்போது தொண்டை இடம் கொடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒரகடம் பக்கம் வல்லம் வடகாலில் ஒரு பெண்கள் விடுதிக்கு நான் வார்டன். செல்போன் பூட்டுகிற கம்பெனிக்கும் கார் ஒயர் கட்டுகிற கம்பெனிக்கும் வேலைக்கு வந்த தெற்கத்திப் பெண்கள் தங்குகிற விடுதி. நானும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரிதான். இந்த வேலைக்குப் படிப்பைவிடத் தொண்டைதான் முக்கியம். கம்பெனி பஸ் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும்போது மூன்றாம் மாடியில் போர்த்திக்கொண்டு தூங்குகிறவளைக் கீழே நின்றே எழுப்ப வேண்டும். "ஏட்டி, பஸ்ஸு ஒனக்காக நிக்குமா? டிரைவரு என்ன ஒன் மாமனா?" என்று நான் ஒரு சத்தம் போட்டால் எதிர்வீட்டு நாயும் சேர்ந்து எழுந்துகொள்ளும். கோபம் எனக்கு மூக்கு நுனியில். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

தொண்டைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பிள்ளைப்பாக்கம் தாண்டி, வயலாக இருந்து மனையாக மாறிய இடத்தில், தகரக் கூரை போட்ட சின்னச் சபை ஒன்று இருக்கிறது. அங்கே பாடகர் குழுவை நடத்துவது நான்தான், கீபோர்டு வாசிப்பது என் வீட்டுக்காரர். எங்கள் ஊர்ப் பக்கம் பாடகர் குழு என்றால் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடிவிட்டுப் போவது கிடையாது. பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ, ஆண்களில் மேல்குரல் டெனார், கீழ்க்குரல் பாஸ் என்று நாலு பாகம். நாலும் வெவ்வேறு மெட்டில் போய் ஒன்றாகச் சேர வேண்டும். அப்படிச் சேரும்போது மேலெல்லாம் சிலிர்க்கும். கிறிஸ்துமஸ் காலையில் அது இல்லாவிட்டால் எனக்குப் பண்டிகையே இல்லை.

இங்கே சிக்கல் என்னவென்றால், ஆல்டோ பாடுகிறவள் கம்பெனி லைனில் நிற்கும்போது டெனார் தூங்குவான். டெனார் எழுந்தால் பாஸுக்கு ஓ.டி. வாராவாரம் ஷிப்ட் மாறும். நாலு பாகமும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் நின்று ஒத்திகை பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. பஸ் நிற்கிற இடத்தில் டெனாருக்கு, விடுதி சாப்பாட்டு வரிசையில் ஆல்டோவுக்கு என்று நான்தான் போய்ப் போய் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாகத்தைப் பாடிக் காட்டுவேன். அந்த நாலு பாகமும் சேர்ந்து இருந்தது என் தொண்டை ஒன்றில்தான்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள். ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "பாடுற பழக்கம் உண்டா?" என்று கேட்டார். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். குரலுக்கான நரம்பு கட்டிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, குரல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம், மேல் ஸ்தாயி போய்விட வாய்ப்புண்டு என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஆமா, பாடுவேன், திட்டுவேன், ரெண்டும் எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஷேர் ஆட்டோவில் ஒரகடம் வரும்வரை அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், முன்பின் தெரியாதவள், என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ரெஸ்யூம் அடித்துக் கொடுப்பது, வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது எல்லாம் அங்கே நடக்கும். அதிகம் பேசமாட்டார். நான் பேசுவதில் அவருக்கு இடம் கிடைத்ததில்லை என்றும் சொல்லலாம். அன்றைக்கு நான் அழுது முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, "இருக்கும்போதே பாடி வச்சிரு" என்றார்.

விடுதி ஸ்டோர் ரூமில் உபரி மெத்தைகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருப்போம். அங்கே நின்று பாடினால் எதிரொலி வராது. ஞாயிறு மத்தியானங்களில் அவர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் ஒவ்வொரு பாட்டையும் நாலு பாகமாகப் பாடினேன். பாஸ் எனக்கு எட்டாது, ஒரு ஸ்தாயி மேலே பாடி வைத்தேன். வெறும் பாட்டு மட்டும் பாட என் வாய் சும்மா இருக்குமா? தப்பு வருகிற இடம் எனக்குத் தெரியும். அங்கே வந்ததும் தானாக நிறுத்தி, "ஏட்டி, இழுக்காத! ஒனக்கென்ன கல்யாண வூட்டு பந்தியா, ஒக்காந்து ரசிச்சிகிட்டு?" என்று ஒரு ஏச்சு விட்டுவிட்டுத்தான் மேலே பாடுவேன். எல்லாம் அப்படியே பதிவானது.

முதலில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். ஒருத்தரும் கேட்கவில்லை. கை கூப்புகிற படமும் பூவும்தான் திரும்பி வந்தன. சும்மா கிடைப்பதற்கு என்ன மதிப்பு? எனக்கு வயிறு எரிந்தது. இருக்கிற குரலைப் பிழிந்து போடுகிறேன், இவர்களுக்குப் பூ அனுப்ப நேரமிருக்கிறது!

அப்போதுதான் வீட்டுக்காரர் வெப்சைட் யோசனையைச் சொன்னார். முதல் சரணம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மிச்சத்துக்குப் பூட்டு. சந்தா கட்டினால்தான் திறக்கும். கடைக்கு ஆள் வராத மத்தியானங்களில் வீடியோ பார்த்துப் பார்த்தே அவர் கற்றுக்கொண்டார். உறுப்பினர் பக்கம், உள்ளே நுழைய ஒரு கதவு, போனிலேயே பணம் கட்ட ஒரு வழி. நாலு பாகத்துக்கும் நாலு பட்டன். பட்டனுக்கு என்ன நிறம் என்று இரண்டு பேரும் சண்டை போட்டோம், நான் ஜெயித்தேன். இப்போது பார்த்தால் அவர் சொன்ன நிறமே நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் குழுவில் பாஸ் பாடுகிறவர் ஒருவர் இருக்கிறார். மணிமங்கலத்துக்காரர், கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், மனைவி வழியாக எங்கள் சபைக்கு வந்தவர். பக்கத்தைப் பார்த்துவிட்டு நேராக விடுதி வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னாக்கா இது, சாமி பாட்டுக்குப் போயி பூட்டு போட்டு வெச்சிகினு கீற?"

"தெறந்து கெடக்கும்போது நீரு எத்தன தடவ கேட்டீரு?" என்றேன்.

தலையைச் சொறிந்துகொண்டு போனவர்தான் முதல் உறுப்பினர். ஆனால் பணத்தைப் போனில் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக் கவரில் போட்டு, மேலே 'பாஸ்' என்று எழுதிச் சபையின் காணிக்கைப் பையில் போட்டுவிட்டார். அவரைப் பார்த்து டெனார்களும் அப்படியே செய்தார்கள். போதகர் கவர்களைக் கொண்டுவந்து, "அம்மா, இது ஆண்டவருக்கா, உங்க வெப்சைட்டுக்கா?" என்று கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சபைக்கே இருக்கட்டும் ஐயா என்றேன். அவரோ, பாட்டுக்கு வந்தது பாட்டுக்கே போகட்டும் என்று என் கையில் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷர்.

காசு கட்டியதும் கேட்க ஆரம்பித்தார்கள் பாருங்கள்! கம்பெனி பஸ்ஸில் போகும்போது, வரும்போது, கேன்டீனில் என்று எப்போதும் கேட்டார்கள். கடவுச்சொல்லை மறந்துவிட்டு வாசலில் வந்து நிற்பார்கள். எப்படியோ தெரிந்துகொண்டு எங்கள் ஊர்ப் பக்கத்து நர்ஸ்கள் சிலர் வெளிநாட்டிலிருந்தும் சேர்ந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்கள் நான் மூதி என்றும் கோட்டி என்றும் கத்துவதைக் கேட்க வேண்டுமா? ஆபரேஷனுக்கு முந்தின வாரம், திட்டையெல்லாம் வெட்டிப் பாட்டை மட்டும் வைக்கும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். வேண்டாம் என்றார். நான் விடவில்லை. உட்கார்ந்து வெட்டினார்.

மறுநாள் சாயங்காலமே விடுதியில் ஆல்டோ பாடுகிற தூத்துக்குடிப் பெண் என் அறைக்கு வந்தாள். ஷிப்ட் முடிந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"யக்கா, பாட்டுக்கு என்ன செஞ்சீங்க?"

"ஏன், சுத்தமாத்தான இருக்கு?"

"சவம் மாதிரி இருக்கு. எங்க மூச்சு எடுக்கணும், எங்க இழுக்கக் கூடாது, ஒண்ணும் தெரியல. நீங்க திட்டுத எடத்த வச்சுத்தான் நாங்க படிச்சதே. அந்தத் திட்டுக்குத்தான யக்கா காசு கட்டுதோம்?"

சொல்லிவிட்டு, "எங்கம்மா போன்ல இப்பிடி ஏச மாட்டாங்க, அழத்தான் செய்வாங்க. ஒங்க ஏச்சக் கேட்டாத்தான் எனக்கு வீட்டுல இருக்க மாதிரி இருக்கு" என்றாள். நான் அவளைப் போய்ச் சாப்பிடச் சொல்லித் துரத்தினேன். நர்ஸ்களிடமிருந்தும் அதே புகார். வீட்டுக்காரர் பழைய பதிவை அழிக்காமல் வைத்திருந்தார். அன்றைக்கே அதைத் திரும்பப் போட்டார். என்னைத் தெரிந்த மனுஷன்!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் கெடுதல் இல்லை என்றார்கள், கடவுளுக்கு நன்றி. ஆனால் கண் விழித்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டபோது வெறும் காற்றுதான் வந்தது. போகப் போகச் சரியாகும் என்று டாக்டரம்மா சொன்னார். நவம்பர் வந்தது, சரியாகவில்லை. விடுதியில் பெண்களை எழுப்ப ஒரு தட்டையும் கரண்டியையும் வைத்துக்கொண்டேன். அவர்களோ என்னைப் பாவம் பார்த்துத் தாங்களாகவே எழுந்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னைக் கண்டு பயப்படுவதற்குப் பதிலாக இரக்கப்பட ஆரம்பித்தால் நான் என்ன வார்டன்?

வெப்சைட்டை மூடிவிடுங்கள் என்று வீட்டுக்காரருக்கு எழுதிக் காட்டினேன். புதுப் பாட்டு இனி கிடையாது. பழைய குரலுக்குச் சந்தா வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. அவர் உறுப்பினர்களுக்கு அப்படியே ஓர் அறிவிப்புப் போட்டார்: குரல் இல்லை, விருப்பமிருந்தால் விலகிக்கொள்ளலாம். யாரும் விலகவில்லை. ஒருவரும் பதிலும் எழுதவில்லை. அதற்கு எனக்குக் கோபம் வந்தது, அதுவும் சத்தமில்லாத கோபம். கிறிஸ்துமஸுக்கு வேறு யாரையாவது நிறுத்துங்கள் என்று போதகருக்கு எழுதிக் கொடுத்தேன். "நீங்க முன்னால நின்னா போதும்மா" என்றார்.

கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனை. நாலு பாகமும் வந்து நின்றது. இரவு ஷிப்ட் முடித்த இரண்டு டெனார்கள் கம்பெனிச் சட்டையோடும் கழுத்தில் அடையாள அட்டையோடும் நேராக வந்திருந்தார்கள். ஒத்திகை இல்லை. கீபோர்டில் என் வீட்டுக்காரர். நான் முன்னால் நின்றேன். என்னிடம் கையைத் தவிர ஒன்றும் இல்லை. எங்கேயாவது இடறினால் எடுத்துக்கொடுக்கக் குரல் கிடையாது. இதுதான் கடைசி, இனி இந்த வேலைக்கு நான் வேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் கையைத் தூக்கினேன்.

பாடினார்கள். முதல் சரணம் முடிவதற்குள் என் கண் நிறைந்துவிட்டது. நான் மூச்சு எடுக்கும் இடத்தில் மூச்சு எடுத்தார்கள். நான் அழுத்தும் இடத்தில் அழுத்தினார்கள். ஆல்டோ இழுக்கவில்லை. இரண்டாம் சரணம் முடிந்தது. வீட்டுக்காரர் மூன்றாவதை வாசிக்க ஆரம்பித்தார். யாரும் பாடவில்லை.

அவர் கையை எடுத்துவிட்டார். சபை முழுக்க நிசப்தம். எனக்கு உயிரே போய்விட்டது. மறந்துவிட்டார்களா? எல்லோர் முகத்தையும் பார்த்தேன். ஒரு முகத்திலும் பதற்றம் இல்லை. அமைதியாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் பாட்டில், மூன்றாம் சரணத்துக்கு முன்னால், நாலு பாகத்துக்கும் ஒரே இடத்தில் பாட்டை நிறுத்தி ஒரு சத்தம் போட்டிருப்பேன்: "நில்லுங்க! மூச்சு எடுங்க எல்லாரும். இழுத்தீங்கன்னா தோல உரிச்சிருவேன்." கேட்டுக் கேட்டு அதையும் பாட்டோடு சேர்த்தே படித்துவிட்டார்கள். மறக்கவில்லை. நான் திட்டுவதற்காகக் காத்திருந்தார்கள்.

வாயைத் திறந்தேன். "மூச்சு எடுங்க" என்று வந்தது. கரகரவென்று, பாதி காற்று. முன் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு நான் வாய் திறந்து போட்ட முதல் அதட்டல் அதுதான். நாலு பாகமும் ஒன்றாக மூச்சு எடுத்தது எனக்குக் கேட்டது. பிறகு மூன்றாம் சரணம் எழுந்தது.

ஆராதனை முடிந்து வெளியே கேக்கும் காப்பியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போதகர் எங்களிடம் வந்து, "நடுவுல ஒரு அமைதி வச்சீங்களே, என் உள்ளமே உருகிப் போச்சு. யாரு யோசனை அது?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் பாஸ்காரர் முந்திக்கொண்டார். "யோசனலாம் இல்ல ஐயா. அது அக்கா நம்மளத் திட்டுற எடம். அதுக்கும் சேத்துத்தான காசு கட்டிகினு கீறோம், எப்டி வுட முடியும்?"