வாசலில் விட்ட செருப்பு

வெளிநாட்டில் குடியேறிவிட்ட ஆப்பிரிக்கப் பேராசிரியர்களைக் கொஞ்ச நாளைக்கு அவர்கள் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிவைப்பது என் வேலை. அடுத்தவர் பயணத்துக்காகத் தூக்கத்தைத் தொலைக்கும் ஆபீஸ்காரர்களே, நீங்கள் என் இனம்.

ஒட்டுக்கடையில்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு கல்லூரி மாடியில் எங்கள் அறை. கம்பளம் விரித்திருப்பதால் செருப்பை வாசலில்தான் விடுவோம். ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்றுகள். மழை நாளில் அவை கரைந்து பாதி வானமாகிவிடும். அதைப் பார்த்துக்கொண்டேதான் ஆப்பிரிக்காவிலிருந்து வரவேண்டிய பதிலுக்குக் காத்திருப்பேன். சில நாள் எதற்குக் காத்திருக்கிறேன் என்பதே மறந்துபோகும்.

பக்கத்துச் சிலிபின் வட்டாரத்தில் சாலையோர ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது கூட்டாளி குமாரிடம் இந்த வேலையை விளக்கினேன். உதவித்தொகை, கூட்டு ஆய்வு என்று நான் அளந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். கடைசியில் கேட்டான்: "அவங்க ஊருக்கு அவங்க போறாங்க லா. நடுவுல நீ எதுக்கு மச்சான்?"

பெண் பார்க்கும் படலம்

எங்கள் திட்டத்தில் ஒரு விதி உண்டு. போகிறவர் ஆசைப்பட்டால் போதாது. இன்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று அங்குள்ள பல்கலைக்கழகம் கேட்க வேண்டும். எங்கள் கல்லூரியில் மண்ணியல் நடத்தும் டாக்டர் அமீனா கானா நாட்டுக்காரர். படிக்க வந்த இடத்தில் சிலிபின் தமிழ்ப் பையனைக் கல்யாணம் செய்து தங்கிவிட்டார். மாமியார் புண்ணியத்தில் தமிழ் சரளம். சிம்பாங் பூலாய் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்து மண்ணை ஆராய்ந்தவர், அதே ஆய்வைத் தன் ஊரிலும் செய்ய ஆசையாகத் திட்டம் எழுதினார்.

ஆராய்ச்சி இப்போதைக்கு வேண்டாம், முதுகலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்க முடியுமா, முதலில் வீடியோவில் பேசிப் பார்ப்போமா என்று அங்கிருந்து பதில் வந்தது. ஊர் தன்னை மறந்துவிட்டதோ என்ற பயம் அமீனாவுக்கு ஏற்கெனவே உண்டு. முகம் வாடிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "பொறந்த ஊரே என்னைப் பொண்ணு பார்க்க வருதுண்ணே."

அங்கே காலை, இங்கே சாயங்காலம்

பேச்சு தொடங்கியதும் அங்கே கரண்ட் போய்விட்டது. படம் மறைந்து, துறைத்தலைவரின் குரல் மட்டும் வந்தது. அவர் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். அமீனா முதலில் திக்கினார், பிறகு மடைதிறந்த மாதிரி பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. எழுந்து போகவும் மனசு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே எங்கள் மழை, கணினிக்குள் அவர்கள் காலை, தூரத்தில் ஒரு கோழி கூவல். எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் எனக்கே தெரியவில்லை.

வரச்சொல்லிவிட்டார்கள். அமீனா முதலில் அதைச் சொல்லவில்லை. கண்ணை மூடியபடி சொன்னது இதைத்தான்: "கோழி கூவுறதுகூட அதேதான்ண்ணே."

வெறுங்கால்

போய்த் திரும்பிய அமீனா அங்கே நடந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். முதல் நாள், நம் ஆபீஸ் பழக்கத்தில், துறைத்தலைவர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறார். அங்கே யாரும் அப்படிச் செய்வதில்லையாம். வெளியே வந்தால் செருப்பைச் சுற்றிச் சின்னக் கூட்டம். அதில் ஒரு மாணவி ரொம்ப மரியாதையாகக் கேட்டாளாம்: "மேடம், நீங்க எந்த நாடு?"

அடுத்த முறை

அதற்குமேல் அமீனா சிரிக்கவில்லை. இனி கூப்பிட மாட்டார்கள் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். அடுத்த சுற்றுக்கு யார் வேண்டும் என்று கேட்கத் துறைத்தலைவரை வீடியோவில் அழைத்தபோது, என் பக்கத்தில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரிய மனிதர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்: "வாசல்ல அமீனா செருப்பு விடுற இடம் சும்மாவே கிடக்கு. எங்க பொண்ண எப்ப திருப்பி அனுப்புறீங்க?"

கல்யாணத் தரகருக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம்தான், குமார்: நான் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறேன்.