சித்தியின் ஜி மைனர்

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மாதத்துக்குள், அவள் சந்தோஷமாக இல்லை என்று வீடு முடிவு செய்துவிட்டது. அவள் யாரிடமும் முகம் சுளித்ததில்லை, சாப்பாட்டில் குறை சொன்னதில்லை. இருந்த ஒரே சாட்சி, சாயங்காலத்தில் அவள் கீபோர்டில் வாசித்ததுதான்.

சித்தப்பா ஓசூர் சிப்காட்டில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவருக்குத் தங்கவயலில் பெண் எடுத்தார்கள். அந்த ஊரில் சுரங்கத்தை மூடிவிட்டாலும், சித்தி படித்த கான்வென்ட்டில் பழைய பியானோவை யாரும் மூடவில்லை போலிருக்கிறது. கல்யாணச் சீரோடு ஒரு கீபோர்டும் வந்து இறங்கியது. அதை இஸ்திரி மேசைமேல் வைத்தார்கள். அப்பாவுக்கு ஏகப் பெருமை. பழைய சினிமாப் பாட்டு வரும் என்று சாய்வு நாற்காலியை அந்த அறைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

வந்தது வேறு. முதலில் ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டே நிற்கும் நீண்ட சத்தம். விசும்பலை அடக்கிக்கொண்டு யாரோ பேச முயல்வதுபோல. அப்புறம் பல குரல்கள், ஒன்று முடிப்பதற்குள் இன்னொன்று. தினமும் அதேதான். வீட்டுக்குப் பின்னால் எங்கள் ரோஜாத் தோட்டம். அங்கே கொட்டகையில் பெங்களூர் மார்க்கெட்டுக்குப் பூக்கட்டு போடும் அம்மாள் ஒருநாள் கையை நிறுத்திவிட்டு, "யாக்கே அளுத்தாரே?" என்று கன்னடத்தில் கேட்டாள். ஏன் அழுகிறாள் என்று. "அது பாட்டு" என்றாள் அம்மா. சொன்னாளே தவிர, அம்மாவுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

அதனால் என்னை அனுப்பினாள். நான் அப்போது நாலாம் வகுப்பு.

"பக்கத்துல போய் உக்காரு. கண்ணத் தொடைக்கிறாளான்னு மட்டும் பாத்துட்டு வா."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சித்தியின் கண்களையே பார்த்தேன். அவள் துடைக்கவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். விரல் தப்பினால் "அய்யய்ய" என்று தன்னையே பார்த்துச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் நான் வேவு பார்ப்பதை மறந்து, இது என்ன பாட்டு என்று கேட்டேன்.

"இது ஜி மைனர்" என்றாள்.

எனக்குத் தெரிந்த மைனர், எங்கள் தெருக்கோடியில் கழுத்துச் செயின் தெரிய புல்லட்டில் போகும் ஒருவர். அவரைப் பற்றியா என்று கேட்டதும் சித்தி சிரித்த சிரிப்பில் கீபோர்டு ஒருமுறை தானாக அலறியது.

"முந்நூறு வருசம் முன்னாடி ஜெர்மனில ஒருத்தர் எழுதினது. மொதல்ல வர்றது பிரெலூட், முன்னுரை மாதிரி. ரெண்டாவது ஃபியூக். அதுல நாலு பேரு இருக்காங்க. ஒருத்தர் ஒரு விசயத்தச் சொல்வாங்க. அதையே இன்னொருத்தர் மேல நின்னு சொல்வாங்க, ஒருத்தர் கீழ நின்னு சொல்வாங்க. ஆனா யாரும் யாரையும் பேசாதன்னு சொல்ல மாட்டாங்க."

"எங்க வீட்டுல மாதிரியா?"

"அதே மாதிரி. ஆனா இதுல நாலு பேரு பேசறதும் கேக்கணும். ரொம்பச் சோகமா வாசிச்சா குரலெல்லாம் ஒண்ணுல ஒண்ணு முங்கிப் போயிடுது. சோகமே இல்லாம வாசிச்சா டைப் அடிக்கிற மாதிரி இருக்கு. எவ்ளோ சோகம்னுதான் எனக்கு இன்னும் பிடிபடல."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் பத்திரமாக அம்மாவிடம் கொண்டுசேர்த்தேன். "சித்தி அழலம்மா. ஆனா எவ்ளோ சோகம்னு அவங்களுக்கே பிடிபடலையாம்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா, "புதுப்பொண்ணுதானே, போகப் போகச் சரியாயிடும்" என்றார்.

"போகப் போக எதுக்குங்க? இன்னிக்கே அவங்க அப்பாவுக்குப் போன் போடுங்க."

அந்தக் குரலில் அம்மா அப்பாவிடம் பேசி நான் கேட்டதேயில்லை. அப்பாவும் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். உடனே போனை எடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் தங்கவயல் தாத்தா வந்து இறங்கினார். கையில் ஒரு பை முறுக்கு. முகத்தில் வழியெல்லாம் சுமந்துவந்த கலவரம். சித்தி ஓடிவந்து, "என்னப்பா, சொல்லாம கொள்ளாம?" என்று பையை வாங்கிக்கொண்டாள். தாத்தா அப்பாவைப் பார்த்தார். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். கம்பெனி பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்து யூனிபார்மோடு நின்ற சித்தப்பாவுக்கு எதுவுமே தெரியாது. தண்ணீரைக் குடித்துமுடித்து, சொம்பைக் கீழே வைத்துவிட்டு, தாத்தா மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, இங்க உனக்கு எதுனா கஷ்டமா?"

சித்தி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. ஒரு மாதமாக வீடு தேடிய அழுகை அப்போதுதான் வரப் பார்த்தது.

"யாருப்பா உங்களுக்குச் சொன்னது?"

"நான்தான்மா போன் பண்ணச் சொன்னேன்" என்றாள் அம்மா. "நீ வாசிக்கிறதக் கேட்டா கை வேல ஓடல. தெனம் அழுவற மாதிரியே இருக்குது. வாய் விட்டுக் கேக்கத் தெரியல எனக்கு."

சித்தி முறுக்குப் பையைக் கீழே வைத்தாள். கோபித்துக்கொண்டு தாத்தாவோடு ஊருக்குப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் போய் இஸ்திரி மேசை முன்னால் உட்கார்ந்தாள்.

"அக்கா, ரெண்டு விதமா வாசிக்கறேன். எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

முதலில் வாசித்தது தினமும் கேட்டதுதான். ஒரு சத்தம் அடுத்ததன்மேல் சாய்ந்துகொண்டு, நகர மனமில்லாமல் நகர்ந்தது. முடிந்தபோது அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறையும் அதே கட்டைகள்தான். நான் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கீபோர்டில் மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஒன்றுதான். யாராவது ஒருவர் குரல் எடுப்பாகக் கேட்க வேண்டுமென்றால், சுற்றியிருப்பதைச் சுருக்கி அதை நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது நுழையுமுன் ஒரு மூச்சு இடம் விட வேண்டும். சித்தி அதைத்தான் செய்தாள். கொஞ்சம் வேகமாக, நிமிர்ந்து உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல். ஒருவர் பேசத் தொடங்கினார். இரண்டாமவர் வந்தார். மூன்றாமவர் அடியில் நுழைந்தபோது முதலாமவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பத்து விரலை வைத்துக்கொண்டு நாலு பேரை எப்படி நடக்க வைக்கிறாள் என்று வாயைத் திறந்தபடி நின்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வாசித்துக் கேட்டுவிட்டேன். அன்று சிலிர்த்ததுபோல எனக்குச் சிலிர்த்ததில்லை.

"நல்லா இருக்கு" என்றார் அப்பா, பொதுவாக.

அம்மாதான் யோசித்துச் சொன்னாள். "மொதல்ல வாசிச்சது அழுவறது. இது அழல." கொஞ்சம் நிறுத்தினாள். "அழுது முடிச்சி, மூஞ்சியக் கழுவிக்கிட்டு வந்து, வேலையப் பாக்கற மாதிரி இருக்குது."

சித்தியின் கைகள் கட்டைகள் மேலேயே நின்றுவிட்டன. "அக்கா" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் அதை அப்படித்தான் வாசிக்கிறாள்.

தாத்தா நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். அப்பா அவருக்கு ஒரு கட்டு ரோஜா கொடுத்தனுப்பினார். நான் அடுப்படிக்குப் போய், டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம், "உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்குது? போய் வீட்டுப்பாடம் எழுது."

பள்ளிக்கூடம் முடித்த கையோடு கல்யாணமாகி அம்மா வேப்பனப்பள்ளியிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவள். அவளோடு கீபோர்டு எதுவும் வரவில்லை. அவள் அப்பாவுக்கு யாரும் போன் போட்டதுமில்லை. எனக்கு அதெல்லாம் அன்றைக்குத் தோன்றவில்லை. எங்கள் அம்மாவுக்கு ஜெர்மன் சங்கீதம் தெரியும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.