முதல் விண்டோவில் ஏழு மணி நேரம்

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் சர்வர் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களைப் பொடி எழுத்தில் நாலு மொழிகளில் தயாரிக்கிற கம்பெனி அது. அங்கிருந்த முப்பது கம்ப்யூட்டர்களும் அக்காவின் பொறுப்பு. எது மக்கர் செய்தாலும் அவர் வந்து நின்றாலே பாதி சரியாகிவிடும் என்று பேச்சு. அந்தப் பேச்சை அவரும் மறுத்ததில்லை.

யார் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரே சொல்லுமா என்று ஒருநாள் மேனேஜர் கேட்டார்.

"சொல்லுமே சார். கடைசியா எப்ப கீபோர்டைத் தொட்டாங்கன்னு அது குறிச்சு வெச்சுக்கும். அங்கேர்ந்து எண்ண வேண்டியதுதான்" என்றார் அக்கா. அன்றைக்கே உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். வாராவாரம் வெள்ளிக்கிழமை பட்டியல் மேனேஜர் மேஜைக்குப் போனது.

அடுத்த ஆறு வாரமும் முதலிடம், தாள்களில் பிழை பார்க்கிற புரூஃப் சாருக்குத்தான். எட்டு மணி நேர வேலையில் ஏழு மணி நேரம் சும்மா. மருந்தின் அளவில் ஒரு புள்ளி தள்ளிப் போனாலும் பிடித்துவிடுகிற மனிதர் அவர். அக்காவுக்கு எதிர் மேஜை. அவர் கீபோர்டைத் தட்டும் சத்தம் தினமும் அக்காவின் காதில் விழத்தான் செய்தது. ஆனால் தன் கையால் எழுதிய கணக்கு தப்பாகுமா என்ன? மனுஷன் ஏதோ சாமர்த்தியமாக ஏமாற்றுகிறார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார்.

ஏழாவது வாரம், திங்கட்கிழமை மதியம், மேனேஜர் கூப்பிட்டார்.

"புரூஃப் சாரை இந்த வெள்ளிக்கிழமையோட அனுப்பிடலாம்னு இருக்கேன் அக்கா. லெட்டர் அடிச்சாச்சு. இன்னிக்குக் கணக்கையும் எடுத்துக் குடுங்க, சேத்துடறேன்."

பட்டியல் வர இன்னும் நாலு நாள் ஆகும். அதனால் அக்கா தன் புரோகிராமை விட்டுவிட்டு, இப்போது லாகின் செய்து உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரையே நேராகக் கேட்டார். மற்றவர்கள் பெயர் ஒவ்வொரு தடவை வந்தது. புரூஃப் சார் பெயர் நாலு தடவை வந்தது. முதல் வரியில், ஐந்தரை மணி நேரமாகச் சும்மா. மூன்றாவது வரியில், நாலே விநாடி.

அக்கா எழுந்து எட்டிப் பார்த்தார். புரூஃப் சாரின் திரையில் நாலு விண்டோக்கள். காலையில் முதலில் திறப்பதில் மூலத் தாள் இருக்கும். கை பட்டு ஓர் எழுத்து மாறிவிடப் போகிறதே என்று அதை அவர் தொடவே மாட்டார், கண்ணால் பார்ப்பதோடு சரி. திருத்தமெல்லாம் மற்ற மூன்றில். ஒவ்வொரு விண்டோவுக்கும் கம்ப்யூட்டர் தனித்தனியாக நேரம் எண்ணிக்கொண்டிருக்க, அக்காவின் புரோகிராம் ஆளுக்கு ஒரு வரி போதும் என்று முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

பூசி மெழுகுகிற ஆள் இல்லை அக்கா. நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

"லெட்டரைக் கிழிச்சிடுங்க சார். தப்பு அவர்மேல இல்ல, என்மேல."

மேனேஜர் முழுக்கக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, லெட்டர் வேண்டாம். ஆனா இதை வெளிய சொல்லாதீங்க அக்கா. ஆறு வாரக் கணக்கும் தப்புன்னா உங்க பேர் என்ன ஆகறது?"

"என் பேரை நான் பாத்துக்கறேன். அவருக்குத் தெரியணும்."

நாலு விண்டோவில் கடைசியாக எதைத் தொட்டாரோ அதிலிருந்து எண்ணும்படி புரோகிராமைத் திருத்தினார். கம்ப்யூட்டர் நாலு வரியோடும் சேர்த்து வைத்திருந்த பழைய பதிவுகளை அதில் போட்டுப் பார்த்தார். ஏழு மணி நேரம் இருபது நிமிஷமாகச் சுருங்கியது. அதை அச்செடுத்து, அந்தத் தாளோடு எதிர் மேஜைக்குப் போய், லெட்டர் அடித்தது உட்பட ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

புரூஃப் சார் தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். இந்தத் தடவை பிழை ஒன்றும் இல்லை போலிருக்கிறது, திருப்பிக் கொடுத்தார்.

"கணக்கு தப்பாப் போறது சகஜம்தான். ஆனா ஆறு வாரமா எதிர்லதானே உக்காந்திருந்தீங்க? நான் சும்மா இருக்கேன்னு நீங்களுமா நெனச்சீங்க?"

இல்லை என்ற சொல் அக்காவுக்கு வாய்வரைக்கும் வந்தது.

"நெனச்சேன் சார்" என்றார்.