பச்சை ஒயர், பழுப்பு ஒயர்

என் தங்கையின் கல்யாணத்தில் ஜானவாச ஊர்வலத்துக்குக் கார் தன் பொறுப்பு என்று என் கணவர் என் அப்பாவிடம் சொன்னபோது, அந்தக் கார் தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டு வாசலில் ஹாரன்கூட அடிக்காமல் நின்றுகொண்டிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. கார், அவர் பிறந்த வருஷத்து அம்பாசிடர். அந்தக் குளிர்காலத்தில்தான் யமுனைப் பாலத்தின் நடுவில் டேஷ்போர்டிலிருந்து புகை விட்டிருந்தது. உள்ளே ஒயரெல்லாம் தொட்டால் உதிர்கிறது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

"வாடகைக்கு ஒரு வண்டி சொல்லிடட்டுமா, மாப்பிள்ளை?" என்று அப்பா மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"எதுக்கு? நான் இருக்கேனே!"

என் பிறந்த வீட்டில் இவர் வாக்குக் கொடுத்தால் கவலை எனக்குத்தான். சொன்னது நடக்காவிட்டால் காலத்துக்கும் பேச்சு கேட்கப்போவது நான்தானே.

காஷ்மீரி கேட் கடைத்தெருவிலிருந்து புது ஒயரிங் செட் ஒன்று வாங்கிவந்தார். காருக்கு வேண்டிய அத்தனை ஒயரையும் ஒன்றாகக் கட்டி, ஒவ்வொரு நுனியிலும் அது எங்கே போகவேண்டும் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். குழந்தைகூட மாட்டிவிடும் என்றார். ஒயர் மட்டும் ரொம்ப விறைப்பாக இருந்தது. வெயிலில் போட்டால் இளகும் என்று மொட்டை மாடியில், என் வடாமுக்குப் பக்கத்தில் விரித்துவிட்டு ஆபீஸ் போனார்.

வடாமுக்கு மேல் நான் பழைய வேட்டியைப் போர்த்தி நாலு மூலையிலும் செங்கல் வைத்திருந்தேன். லூ என்கிற மே மாதத்து அனல்காற்று எனக்குத் தெரியும். ஒயருக்கு யார் செங்கல் வைப்பது? சாயங்காலம் பார்த்தால் பசை காய்ந்து சீட்டெல்லாம் பறந்துபோயிருந்தது. 'ஹாரன்' என்ற ஒன்று மட்டும் வேட்டி மடிப்பில் சிக்கியிருந்தது.

"அதனால என்ன? எந்தக் கலர் எங்க போகணும்னு தாள் ஒண்ணு குடுத்திருக்காளே," என்றேன்.

"பார்த்துக்கறேன்," என்றார். முகம் சரியாக இல்லை.

அதன்பின் ஆபீஸ் விட்டு வந்தால் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடப்பதே அவர் வேலையாயிற்று. காபியைக் காருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "முடிஞ்சுது, வா" என்று கூப்பிட்டார். சாவியைத் திருப்பி வைப்பரைப் போட்டுக் காட்டினார். ஓடியது. சாவியை உருவிக்கொண்டு பெருமையாக இறங்கினார். அப்போதும் ஓடியது. சாவி இவர் கையில், வைப்பர் அதன் பாட்டுக்குக் காய்ந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. கீழ்வீட்டு சர்தார்ஜி வானத்தைப் பார்த்து, "பாரிஷ் கஹாங் ஹை, பாயி சாஹப்?" என்று மழையைத் தேடினார்.

நான் தாளை வாங்கிப் படித்தேன். "சாவி போட்டாத்தான் ஓடணும்கறதுக்கெல்லாம் பச்சை. பாட்டரியிலேர்ந்து நேரா வரது பழுப்பு. நீங்க ரெண்டையும் மாத்தி மாட்டியிருக்கேளே?"

"எது பச்சை?" என்றார்.

கிண்டல் என்றுதான் நினைத்தேன். முகத்தில் கிண்டல் இல்லை.

காருக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். பச்சையும் பழுப்பும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். கைக்கு வந்த ரயில்வே வேலை அதனால்தான் போயிற்று. "பொண்ணு பார்க்க வந்த இடத்துல சொஜ்ஜியைச் சாப்பிட்டுண்டே இதை எப்படிச் சொல்றது? உங்காத்துல யாருக்கும் சொல்லிடாதே." சீட்டை நம்பித்தான் மனிதர் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்.

"அப்போ சிக்னல்?"

"மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். தில்லியில யாருடீ கலரைப் பார்த்து ஓட்டறா?"

சிரித்தேன். பாதிச் சிரிப்பில் ஒன்று உறைத்தது. மாடிக்கு ஓடி, பெட்டியின் அடியில் கிடந்த பட்டுப்புடவையை எடுத்துவந்தேன். தலைதீபாவளிக்கு இவர் தனியாகப் போய் வாங்கிவந்தது. காய்ந்த சாணி நிறம். அதை நீட்டி, "உனக்குப் பிடிச்ச பச்சை" என்று வேறு சொன்னார். கைக்கு அகப்பட்டதை வாங்கிவந்துவிட்டு நையாண்டியும் செய்கிறாரே என்று அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு தடவைகூடக் கட்டவில்லை.

"ஏன்னா, இது என்ன கலர்?"

தடவிப் பார்த்தார். "பச்சை. உனக்குப் பச்சைன்னா உயிர்னு உங்கம்மா சொன்னாளே. கரோல் பாக்ல கடை கடையா ஏறி இறங்கினேன். பச்சைதானேன்னு திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினேன். நீதான் கட்டிக்கவே இல்லை."

விற்காத சரக்கை எவனோ இவர் தலையில் கட்டியிருக்கிறான். இத்தனை வருஷம் இந்த மனிதர்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"ஜானவாசத்துக்குன்னு வெச்சிருந்தேன்," என்றேன்.

மறுநாளிலிருந்து நான் தாளைப் படித்து ஒயரை எடுத்து நீட்டுவேன், அவர் மாட்டுவார். நீலத்தை நீட்டும்போது மட்டும், "இது எனக்கே தெரியும்" என்று பிடுங்கிக்கொள்வார்.

ஜானவாசத்தன்று பிள்ளையார் கோவிலிலிருந்து நாதஸ்வரத்துக்குப் பின்னால் கார் ஊர்ந்து வந்தது. விளக்கெல்லாம் எரிந்தது. பின்சீட்டில் மாலையும் கழுத்துமாகக் கல்யாண மாப்பிள்ளை, முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இவர். மாப்பிள்ளைக்குக் குதிரை எங்கே என்று விசாரித்த வடக்கத்தித் தெருக்காரர்களைத் தவிர யாருக்கும் ஒரு குறையும் இல்லை. திறந்திருந்த ஜன்னலை ஒட்டி நான் நடந்தேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னடி இது, தங்கை கல்யாணத்துல போய் சாணிக் கலர்ல ஒரு புடவை?"

சட்டென்று பிரேக் விழுந்து கார் நின்றது. இவர் ஜன்னல் வழியாக என்னையே பார்த்தார்.

"பச்சைம்மா," என்றேன், அவரைப் பார்த்துக்கொண்டே.

"எது பச்சை? உனக்குக் கண்ணு கிண்ணு..."

அம்மா அதற்குமேல் சொன்னது யார் காதிலும் விழவில்லை. இவர் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை.