தங்கவேலண்ணனின் லண்டன் டிரிப் ஷீட்

தங்கவேலண்ணன் போய்விட்டார்.

காலையில் பழைய லாரி ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அவருடைய போட்டோ வந்தது. பிறந்தநாள் போலிருக்கிறது என்று படிக்காமலே ஒரு கேக் படத்தைத் தட்டிவிட்டேன்... அப்புறம்தான் கீழே இருந்ததைப் படித்தேன். அவசரமாக அழித்தேன். எத்தனை பேர் பார்த்தார்களோ.

ஹார்ட் அட்டாக். அறுபத்தொரு வயது.

நாமக்கல்லில் நானும் அவரும் பதினோரு வருடம் அடுத்தடுத்த மேஜை. எந்த லாரி எந்த ஊருக்குப் போனாலும் டீசல், டோல், டிரைவர் படி என்று கிளம்பும் முன்பே டிரிப் ஷீட் போட்டுவிடுகிற மனுஷன். எனக்கு வேலை, அதன் கீழே கையெழுத்துப் போடுவதும் ஆபீஸ் வம்புகளைச் சேகரிப்பதும்.

ரிட்டயர் ஆகிற சமயத்தில் ஒருநாள் டீக்கடையில் திடீரென்று, "சாமி, நம்ம புல்லட்டுல லண்டன் போலாம்னு இருக்கறேன்" என்றார்.

வண்டியைக் கப்பலில் துபாய்க்கு அனுப்பி, அங்கிருந்து ஈரான், துருக்கி, அப்படியே ஐரோப்பா. இத்தனைக்கும் அந்த வண்டி ஏற்காட்டைத் தாண்டியதில்லை.

அதற்கும் டிரிப் ஷீட். அதே லாரி ஷீட்டில், டீசலை அடித்துவிட்டுப் பெட்ரோல் என்று எழுதி... நாட்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு மாமூல் கட்டம்.

"ஜெர்மனிலெல்லாம் மாமூல் வாங்க மாட்டாங்ண்ணா."

"வாங்கலீன்னா மிச்சம். எழுதி வெய்யி."

மொத்தம் கூட்டிப் பார்த்தால் ரொம்பச் சல்லிசாக இருந்தது. எனக்கே சந்தேகம். "அண்ணா, திரும்பி வாரதுக்கு எங்கீங்க?"

"அது ரிட்டர்ன் லோடுல கழிஞ்சுருமில்ல" என்றார், தலை நிமிராமல்.

லாரித் தொழிலில் போகிற செலவுதான் கையில் கொடுப்பார்கள். வருகிற செலவு, அந்த ஊரில் ஏற்றுகிற சரக்கின் வாடகையில் வந்துவிடும். முப்பது வருடப் பழக்கம், கை தானாக ஒருவழிக்கு மட்டும் எழுதிவிட்டது.

"லண்டன்ல புல்லட்டு மேல என்னத்தீங்ண்ணா ஏத்துவீங்க? முட்டையா?"

சட்டையில் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார். பிறகு வருகிற வழிக்கும் போட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ரிட்டயர்மெண்ட் பணம், எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்தும் கட்டுபடி ஆகவில்லை.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீ பின்னால உக்காந்துக்க சாமி. செலவுல பாதி உன்னுது. போறப்பவும் லோடு, வாரப்பவும் லோடு."

நான் தொண்ணூற்றிரண்டு கிலோ. "ஆகட்டுங்ண்ணா" என்றேன்.

சத்தியமாக விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் அவர் ஷீட்டில் என் பேரை எழுதிவிட்டார்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஃபாரத்தோடு வந்தார். வண்டியை வெளிநாட்டில் விற்றுவிட மாட்டோம், திரும்பக் கொண்டுவந்துவிடுவோம் என்பதற்கு ஒரு கஸ்டம்ஸ் பத்திரம். அதற்கு டெபாசிட் கட்ட வேண்டும். என் பங்கு பாதி.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. பணத்துக்காகக்கூட இல்லை. பாலைவனம், பாஷை தெரியாத போலீஸ், நடுவழியில் பேதி... வீட்டிலேயே ராத்திரி கொசுவலை இல்லாமல் படுக்காத ஆள் நான்.

"ஊட்டுல உடமாட்டேங்கறாங்ண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

நம்மைப் போன்ற ஆம்பளைகளுக்கு அதைவிடச் சுலபமான பொய் கிடையாது. யாரும் வீட்டுக்கு வந்து விசாரிக்க மாட்டார்கள். வீட்டில் நான் இதைப்பற்றி மூச்சே விட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அவர் ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "வேண்டாம்னா வேண்டாஞ் சாமி. சண்ட கிண்ட போடாத. மெதுவாச் சொல்லிப் பாரு... எடம் உனக்குத்தான்."

அதன்பிறகு மூன்று வருடம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் வரும். "என்ன சாமி, ஊட்டுல மனசு எறங்குச்சா?"

"கொஞ்சம் எறங்குன மாதிரி தெரீதுங்ண்ணா." பண்டிகை நாளில் அவர் மனசு நோக வேண்டாமே என்று!

உடனே புதுப் பெட்ரோல் ரேட், கப்பல் வாடகை எல்லாம் போட்டு ஷீட்டைத் திருத்தி எழுதிவிடுவார். போர்வெல் வண்டியோடு ஆப்பிரிக்கா போய்வந்த ஒருத்தர், பாதிச் செலவு போட்டுக்கொண்டு வாரேன் என்று கேட்டாராம். "எனக்கு ஆள் இருக்குதுங்கன்னு சொல்லியுட்டேன் சாமி" என்றார் பெருமையாக.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

இன்று மதியம் நானும் என் மனைவியும் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து மல்லசமுத்திரத்தில் அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமில்லை... சும்மா கேட்டார்.

"ஏங் கண்ணு, ஒரு நாலு மாசம் தம்பிய உட்டிருந்தா என்ன கண்ணு? நீ சரின்னு சொல்லோணும்னுதான மூணு வருசமாக் காத்துக்கிட்டு இருந்தாரு. போன வாரங்கூட உக்காந்து எழுதிட்டிருந்தாரு..."

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடிதான். முழுக்கதையும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"தப்புத்தானுங்க்கா. எனக்குப் பயமா இருந்துச்சுங்க" என்றாள்.

ஊருக்கெல்லாம் வாய் நீளுகிறவன், அங்கே வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வருகையில் சேலம் பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "கேட்டிருந்தா, போய்ட்டு வாங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

தங்கவேலண்ணா... எங்கள் வீட்டில் யாரும் தடுக்கவில்லை. பயந்தது நான்தான். அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த போர்வெல்காரரோடு நீங்கள் லண்டனையே பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள்.

போய் வாங்கண்ணா.